இன்ஜின் ஸ்வாப் செய்யும் முன் காரின் பின்பக்கம் குனிந்து பாருங்கள்

ஸ்போர்ட்ஸ் காருக்குப் பெரிய இன்ஜின் மாற்ற வருகிறவர்கள் இன்ஜினைப் பற்றி நிறைய படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். கியர்பாக்ஸ், ஈசியு (இன்ஜினை இயக்கும் கணினி), ரேடியேட்டர் எல்லாம் பேசி முடித்த பிறகு, இன்ஜினின் சுழற்சியை இரண்டு பின் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரத் தொகுதியைப் பற்றி, "டிஃபரன்ஷியல் என்ன செய்யப்போகிறீர்கள்?" என்று கேட்டால், பாதிப் பேர் "இருப்பதே இருக்கட்டும், உடைந்தால் பார்த்துக்கொள்ளலாம்" என்பார்கள். மீதிப் பேர் ஒரு கேள்வி கேட்பார்கள்: "இது எத்தனை ஹெச்பி தாங்கும்?" எனக்கு அதிக வேலை வைப்பது இந்தக் கேள்விதான்.

டிஃபரன்ஷியலுக்கு ஹெச்பி தெரியாது. அதன் பல்லில் வந்து விழுவது டார்க், அதாவது முறுக்கும் விசை. அதுவும் இன்ஜின் கொடுக்கும் டார்க் அல்ல, கியர்பாக்ஸ் பெருக்கி அனுப்பும் டார்க். அடிக்கடி நடக்கும் ஒரு ஸ்வாப்பையே எடுத்துக்கொள்வோம். 1990-களின் தொடக்கத்தில் வந்த 1.6 லிட்டர் மாஸ்டா எம்எக்ஸ்-5 காரின் இன்ஜின் 136 நியூட்டன் மீட்டர் தருகிறது. முதல் கியர் 3.14. ஆக டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் சின்னப் பல்சக்கரமான பினியனுக்குப் போவது சுமார் 427. டிஃபரன்ஷியல் ரேஷியோ, அதாவது சக்கரத்தின் ஒரு சுற்றுக்குப் பினியன் சுற்றும் எண்ணிக்கை, 4.30, எனவே ஆக்சிலில் சுமார் 1,836. இந்த அளவை மனதில் வைத்துத்தான் அந்தக் காருக்கு 6 அங்குலக் கிரவுன் வீல் (பினியன் சுற்றிவிடும் பெரிய பல்சக்கரம்) கொண்ட சின்ன டிஃபரன்ஷியலைக் கொடுத்தார்கள். இப்போது அதே காரில் செவர்லே கமாரோவிலிருந்து எடுத்த 5.7 லிட்டர் எல்எஸ்1 இன்ஜினையும் டி56 கியர்பாக்ஸையும் வைக்கிறீர்கள். சுமார் 450 நியூட்டன் மீட்டர், முதல் கியர் 2.66. பினியனில் 1,197, ஆக்சிலில் 5,147. கிட்டத்தட்ட மூன்று மடங்கு.

சரி, அப்படியானால் முதல் நாளே உடைய வேண்டுமே? பல கார்களில் உடைவதில்லை. காரணம் டயர். கார் 1,250 கிலோ என்று வையுங்கள். கிளம்பும்போது அதில் 55 சதவீதம் பின் சக்கரங்களில் அமர்கிறது. நல்ல ரோடு டயரின் பிடிமானக் குணகம் ஒன்றுக்குப் பக்கத்தில் இருக்கும். டயரின் ஆரம் 29 சென்டிமீட்டர் என்றால், சுமார் 2,000 நியூட்டன் மீட்டரைத் தாண்டியதுமே டயர் வழுக்கிச் சுழலத் தொடங்கிவிடும். மிச்ச டார்க் பல்லுக்கு வருவதே இல்லை, புகையாகப் போய்விடுகிறது. ஆக டிஃபரன்ஷியலைக் காப்பாற்றிக்கொண்டிருப்பது டயர்தான். இதனால்தான் சாதாரண டயரில் நெடுநாள் தாங்கிய டிஃபரன்ஷியல், மென்மையான ரேஸ் டயர் மாட்டியதும் போய்விடுகிறது. அந்தக் காரில் ஒரு ஹெச்பி கூட ஏறியிருக்காது.

இன்னொரு எதிரி அதிர்ச்சி. ஆணியைச் சுத்தியலால் அழுத்துவதற்கும் அடிப்பதற்கும் உள்ள வித்தியாசம் இங்கே அப்படியே பொருந்தும். 5,000 ஆர்பிஎம்மில் கிளட்சைப் பட்டென்று விட்டால், ஃபிளைவீலில் சேர்ந்திருக்கும் சுழற்சி ஆற்றல் முழுவதும் ஒரே அடியாகப் பல்லில் இறங்குகிறது. அதைவிட மோசம் வீல் ஹாப், அதாவது பின் சக்கரம் துள்ளுவது. டயர் பிடிக்கிறது, நழுவுகிறது, மறுபடி பிடிக்கிறது. ஒரு நொடிக்குள் இது பல முறை நடக்கும். பிடிக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு அடி. உற்பத்தியாளர்களே இதோடு போராடியிருக்கிறார்கள். 2009 காடிலாக் சிடிஎஸ்-வி காரில் இடது, வலது ஹாஃப் ஷாஃப்ட்களை (டிஃபரன்ஷியலிலிருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டுகள்) வேண்டுமென்றே வெவ்வேறு தடிமனில் செய்தார்கள். இரண்டு பக்கமும் ஒரே தாளத்தில் முறுக்கி விடுபட்டால்தானே துள்ளல் வளரும்? அதைக் கலைக்கத்தான் அந்த ஏற்பாடு.

பட்டறை மேசையில் கழற்றி வைத்த ஒரு கிரவுன் வீலைப் பாருங்கள். அடுத்தடுத்து மூன்று பற்கள் இல்லை. மீதிப் பற்கள் கண்ணாடி மாதிரி இருக்கின்றன, தேய்மானமே இல்லை. உடைந்த இடம் சாம்பல் நிறத்தில், சொரசொரப்பாக இருக்கிறது. இது ஒரே அடியில் போனது. நாள்பட்டுக் களைத்து உடைந்திருந்தால் முறிவுப் பரப்பில் வழவழப்பான வளைகோடுகள், கரையில் அலை விட்டுப்போன தடம் போலத் தெரியும். பல் நீலம் பாய்ந்திருந்தால் எண்ணெய் இல்லாமல் வெந்திருக்கிறது என்று அர்த்தம். "மட்டமான பொருள் சார்" என்று கோபத்தோடு கொண்டுவந்து வைக்கிறவர்களுக்கு இதைக் காட்டினால் போதும், எப்படிக் கிளம்பினார்கள் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

கிரவுன் வீல் பெரிதாக இருந்தால் மட்டும் போதாது. பாரம் ஏறும்போது பினியன் கிரவுனைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. ஹவுசிங் கொஞ்சம் நெளிந்தாலும் பற்கள் நடுவில் சந்திக்காமல் ஓரத்தில் சந்திக்கும். ஓரம் தாங்காது. அதனால் ஹவுசிங்கின் விறைப்பையும் பேரிங் கேப்களையும் பார்க்காமல், அளவை மட்டும் வைத்து வாங்காதீர்கள்.

அளவு விஷயத்தில் ஒரு வசதி, பெயரிலேயே எழுதியிருக்கும். நிஸானின் ஆர்200 என்றால் 200 மில்லிமீட்டர் கிரவுன். பிஎம்டபிள்யூவில் 168, 188, 210 என்றே சொல்கிறார்கள். ஃபோர்டின் 8.8 அங்குலம் என்பது சுமார் 224 மில்லிமீட்டர். ஆனால் ஒரே பெயருக்குள் பல உருவங்கள் உண்டு. ஆர்200-லேயே நீள மூக்கு, குட்டை மூக்கு (மூக்கு என்பது பினியன் இருக்கும் முன்பகுதி) என்று இரண்டு வகை. ஒன்றின் இடத்தில் மற்றது அப்படியே உட்காராது. ஃபோர்டு 8.8 பெரும்பாலும் கட்டை ஆக்சிலாக, அதாவது இரண்டு சக்கரமும் ஒரே விறைப்பான குழாயில் இணைந்ததாக வரும். தனித்தனி சஸ்பென்ஷன் உள்ள காருக்கு அது உதவாது. 1999 முதல் 2004 வரையிலான மஸ்டாங் கோப்ராவில் வந்தது போன்ற தனி சஸ்பென்ஷன் வகையைத் தேட வேண்டும். கமாரோ இன்ஜினை எடுத்தவர், அதே காரின் டிஃபரன்ஷியலையும் எடுத்துவிடலாம் என்று நினைத்தால் இதே சிக்கல்தான். அதுவும் கட்டை ஆக்சில்.

இப்போது ரேஷியோ. பெரிய இன்ஜினுக்குப் பழைய 4.30-ஐயே வைத்தால் என்ன ஆகும்? 205/50 ஆர்15 டயரும் டி56 கியர்பாக்ஸும் இருக்கும் காரில், 6,000 ஆர்பிஎம் வரை இழுத்தாலும் முதல் கியர் 58 கிலோமீட்டர் வேகத்தில் முடிந்துவிடும். கிளம்பியதுமே கியர் மாற்ற வேண்டும், அதுவும் பாதி நேரம் டயர் சுழன்றுகொண்டிருக்கும். 3.27 வைத்தால் அதே முதல் கியர் 76 வரை போகும். ஆறாவது கியரில் 100 கிலோமீட்டர் வேகத்தில் 4.30-க்கு சுமார் 1,950 ஆர்பிஎம், 3.27-க்கு 1,480.

பலரும் கணக்குப் போடாத இடம், கியர்பாக்ஸிலிருந்து டிஃபரன்ஷியலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட். 200 கிலோமீட்டர் வேகத்தில் 4.30 ரேஷியோ அந்த ஷாஃப்டை 7,780 ஆர்பிஎம்மில் சுற்றவைக்கிறது. 3.27-இல் அது 5,920. நீளமான ஷாஃப்டுக்கு ஒரு ஆபத்தான வேகம் உண்டு; அதைத் தொட்டால் நடுவில் வில்லாக வளைந்து ஆட்டம் போடும். ஸ்வாப் காரில் "ஒரு வேகத்துக்கு மேல் நடுக்கம்" என்று வருகிறவர்களிடம் நான் வீல் பேலன்ஸுக்கு முன் கேட்பது ரேஷியோவைத்தான்.

குறைந்த எண் ரேஷியோவுக்கு இன்னொரு லாபமும் இருக்கிறது. 4.30 என்பது 43-க்கு 10 பல், 3.27 என்பது 36-க்கு 11. கிரவுன் அளவு ஒன்றாக இருக்கும்போது 3.27-இன் பினியன் பருமனாகவும், பற்கள் தடிப்பாகவும் இருக்கும். அதற்காக ஒரேயடியாக 2.73-க்கும் போய்விடாதீர்கள். ஆறாவது கியர் 0.50 இருக்கும் பெட்டியோடு சேர்ந்தால், 100 கிலோமீட்டரில் 1,235 ஆர்பிஎம்தான். அந்தக் கியரை வைத்து என்ன செய்வது?

உயர் ஆர்பிஎம் இன்ஜின் என்றால் கதை தலைகீழ். ஹோண்டா எஸ்2000-இன் எஃப்20சி 9,000 வரை சுற்றும், டார்க் குறைவு, அதற்கு எண் அதிகமான ரேஷியோ வேண்டும். அங்கே ஒரு பொறி உண்டு. அந்தக் காரின் டிஃபரன்ஷியல் 4.10 என்று போட்டிருக்கும். ஆனால் கியர்பாக்ஸுக்குள்ளேயே 1.16 என்று இரண்டாவது குறைப்பு ஒன்று ஒளிந்திருக்கிறது. இரண்டையும் பெருக்கினால் 4.76. இன்ஜினை மட்டும் எடுத்து வேறு கியர்பாக்ஸோடு 4.10 வைத்துவிட்டு, "ஒரிஜினல் கார் போல இழுக்கவில்லை" என்று சொல்வது இதனால்தான்.

டிஃபரன்ஷியலைக் காரோடு பிடித்துவைக்கும் மவுண்ட் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் உடைந்து வருவதில் பல் அளவுக்கு இதுவும் உண்டு. சக்கரத்தை 2,000 நியூட்டன் மீட்டரில் முன்னே சுற்றினால், டிஃபரன்ஷியல் அதே அளவுக்குப் பின்னோக்கிச் சுழலப் பார்க்கும், மூக்கு மேலே எழும்பும். முன் மவுண்டுக்கும் பின் மவுண்டுக்கும் 40 சென்டிமீட்டர் இடைவெளி என்றால், ஒவ்வொன்றும் தாங்க வேண்டியது சுமார் 500 கிலோ எடை. எம்எக்ஸ்-5 காரில் கியர்பாக்ஸையும் டிஃபரன்ஷியலையும் ஒரு நீள அலுமினியச் சட்டம் இணைத்து, மூக்கை எழும்பவிடாமல் பிடிக்கிறது. ஸ்வாப்பில் அந்தச் சட்டம் போய்விடும். அதன் வேலையை யார் செய்வது என்று கேட்காமல், இரண்டு பிராக்கெட்டை வெல்டு வைத்துக் கிளப்பிய கார்களைப் பார்த்திருக்கிறேன். சப்ஃபிரேமில் (டிஃபரன்ஷியலைத் தாங்கும் துணை அடிச்சட்டம்) வெல்டைச் சுற்றி மயிரிழை விரிசல் விட்டு, பெயின்ட் கோடு கோடாக உரிந்திருக்கும். மவுண்டுக்குள் இருக்கும் புஷ்ஷை அலுமினியத்தில் போட்டால் துள்ளல் குறையும், ஆனால் கியர் இரைச்சல் முழுவதும் கேபினுக்குள் வரும். தினமும் ஓட்டும் கார் என்றால் கெட்டியான ரப்பரோ பாலியுரித்தேனோ போதும் என்பது என் கட்சி.

மவுண்ட் போடும்போதே கோணத்தையும் பார்த்துவிடுங்கள். கியர்பாக்ஸ் வெளிவரும் கோடும் பினியன் கோடும் இணையாக இருக்க வேண்டும், ஷாஃப்டின் முனைகளில் இருக்கும் யூ ஜாயின்ட் ஒவ்வொன்றிலும் 1 முதல் 3 டிகிரி சாய்வு. சுத்தமாகப் பூஜ்யம் என்றால் ஜாயின்டின் ஊசி பேரிங்குகள் உருளாமல் ஒரே இடத்தில் அழுந்திக் குழி விழும்.

எல்எஸ்டி (ஒரு சக்கரம் வழுக்கினாலும் மற்றதுக்கு டார்க் போகவைக்கும் டிஃபரன்ஷியல்) வகையைப் பற்றி மணிக்கணக்கில் சண்டை போடுகிறார்கள், எனக்கு அது சின்ன விஷயம். ரோட்டில் ஓட்டுவதற்குச் சாய்பற்கள் கொண்ட ஹெலிக்கல் வகை, அதிகம் கவனிக்க வேண்டாம். ஒரு சக்கரம் காற்றில் தூக்கினால் மட்டும் கைவிட்டுவிடும். டிராக்குக்குக் கிளட்ச் வகை, தட்டுகள் தேயும், அதற்கான சேர்மானம் உள்ள எண்ணெய்தான் ஊற்ற வேண்டும். பழைய விஸ்கஸ் வகையைப் புது இன்ஜினோடு சேர்க்காதீர்கள், உள்ளே இருக்கும் திரவம் வயதானால் அது வழுக்கலைத் தடுக்காத வெறும் ஓப்பன் டிஃபரன்ஷியல்தான். பற்களை வெல்டு வைத்துப் பூட்டிய டிஃபரன்ஷியலோடு மழையில் பொது ரோட்டுக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் நல்ல வார்த்தை இல்லை.

ஹாஃப் ஷாஃப்ட், சக்கர வேகத்தை அளக்க உதவும் ஏபிஎஸ் வளையத்தின் பல் எண்ணிக்கை, ஸ்பீடோமீட்டர் கணக்கு, இவற்றை ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே தீர்த்துக்கொள்ளுங்கள். ஹாஃப் ஷாஃப்டை மட்டும் நான் டிஃபரன்ஷியலைவிட ஒரு படி பலவீனமாகவே வைப்பேன். ஏதோ ஒன்று போயே ஆக வேண்டும் என்றால், மாற்ற எளிதானது போகட்டும்.

பழைய டிஃபரன்ஷியல் வாங்கினால், மூடியைத் திறந்து பேக்லாஷ், அதாவது பினியனுக்கும் கிரவுனுக்கும் நடுவில் உள்ள பல் தளர்வு, அளக்காமல் ஏற்றாதீர்கள். பல மாடல்களில் 0.13 முதல் 0.20 மில்லிமீட்டர் வரை இருக்கும். உங்கள் மாடலுக்கான அளவு சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். புதுக் கிரவுன் பினியன் போட்டிருந்தால் முதல் ஓட்டம் இருபது நிமிடம், மிதமான வேகம், அப்புறம் முழுவதும் ஆறவிட வேண்டும். இதை இரண்டு மூன்று முறை செய்யுங்கள். முதல் 800 கிலோமீட்டரில் எண்ணெயை இறக்கி, வடிகால் போல்ட்டின் காந்தத்தை விரலால் வழித்துப் பாருங்கள். பசை மாதிரி கருப்பாக வந்தால் பற்கள் பழகுகின்றன, துடைத்துவிட்டு மாட்டலாம். நகத்தில் சிக்கும் அளவுக்குத் துகள் வந்தால் காரை எடுக்க வேண்டாம், மூடியைத் திறக்க வேண்டும்.