இறால்மேல் மட்டும் பழி போடாதீர்கள்

போன வருஷம் ஜூன் கடைசியில் ஒரு ஞாயிறு ராத்திரி, பதினோரு மணி இருக்கும், போன் வந்தது. ஒசாகாவுக்கு வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகாத தம்பி ஒருவர்.

"அண்ணா, மத்தியானம் யாகிசோபா பண்ணேன். இறால் கெட்டுப்போயிருந்திருக்கும்போல. எட்டு மணியிலேர்ந்து வாந்தி, நிக்கவே மாட்டேங்குது."

யாகிசோபா என்றால் ஜப்பானிய முறையில் வதக்கிய நூடுல்ஸ். எத்தனை மணிக்குச் சமைத்தாய் என்று கேட்டேன். பன்னிரண்டு மணிக்கு. ஒரு தட்டு உடனே சாப்பிட்டிருக்கிறார், ஒன்றும் ஆகவில்லை. மிச்சத்தை ராத்திரி ஏழு மணிக்குச் சாப்பிட்டிருக்கிறார். அதுவரை எங்கே இருந்தது?

"வாணலியிலதான், மூடி போட்டு. ஆனா மைக்ரோவேவ்ல நல்லா கொதிக்கக் கொதிக்க சூடு பண்ணித்தான் சாப்பிட்டேன்."

வெளியே மழைக்காலத்துப் புழுக்கம். ஏழு மணி நேரம் மூடியபடி அடுப்புமேல் இருந்திருக்கிறது. அந்த வீட்டில் எனக்கு முதலில் சந்தேகம் வந்தது இறால்மேல் இல்லை, நூடுல்ஸ்மேல்.

நான் டாக்டர் இல்லை. ஒசாகாவில் ஒரு சின்ன தெப்பன் கடையில் பதினோரு வருஷமாக இரும்புக்கல் முன்னால் நிற்கிறவன். ஜப்பானில் சாப்பாட்டுக் கடை என்றால் உணவுச் சுகாதாரத்துக்குப் பொறுப்பாளர் என்று ஒருவர் இருந்தே ஆக வேண்டும். ஒரு நாள் வகுப்பில் உட்கார்ந்துவிட்டு வந்தால் சான்றிதழ் தருவார்கள். எங்கள் கடைச் சுவரில் தொங்கும் பலகையில் இருப்பது என் பெயர். அதனாலேயே ஊர்க்காரர்கள் யாருக்கு வயிறு கலங்கினாலும் எனக்குத்தான் போன் வருகிறது. இப்படிப் பல போன்களில் கேட்டதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். கடல் உணவு போட்ட யாகிசோபா அடுப்பில் இருப்பது எட்டு நிமிஷம். அந்த எட்டு நிமிஷத்தில் தப்பு நடப்பது குறைவு. அதற்கு முன்னாலும் பின்னாலும்தான் நடக்கிறது.

முதலில் அந்தத் தம்பியின் கதையை முடித்துவிடுகிறேன். மாவுப் பொருளில் வளரும் பாக்டீரியா ஒன்று உண்டு, பேசிலஸ் சீரியஸ். சோறு, நூடுல்ஸ், ஸ்பாகெட்டி எல்லாம் அதற்குப் பிடித்த இடம். இதன் வித்துகள் கொதிநீரிலும் சாகாது. சமைத்த நூடுல்ஸ் வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் வித்து முளைத்துப் பெருகி, வாந்தி வரவைக்கும் நஞ்சை அதிலேயே கக்கிவைத்துவிடும். அந்த நஞ்சு 126 டிகிரியில் 90 நிமிஷம் வைத்தாலும் கெடாது என்று இங்கே வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறார்கள். மைக்ரோவேவில் இரண்டு நிமிஷம் அதை என்ன செய்யும்? பாக்டீரியா சாகலாம், அது விட்டுப்போன நஞ்சு அப்படியே இருக்கும். சாப்பிட்ட அரை மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி என்பது இதன் வழக்கம். தம்பியின் கணக்கு அதில் பொருந்தியது. பரிசோதிக்காமல் அடித்துச் சொல்ல முடியாது, கையிலிருந்து வரும் ஸ்டஃபிலோகாக்கஸ் என்னும் பாக்டீரியாவும் இதே வேலையைச் செய்யும். அதன் நஞ்சும் சூட்டுக்கு அசையாது. எதுவானாலும் பாடம் ஒன்றுதான்: "நல்லா சூடு பண்ணித்தான் சாப்பிட்டேன்" என்பது கெட்டுப்போனதைத் திருத்தாது.

மிச்சம் இருந்தால் அகலத் தட்டில் மெல்லிசாகப் பரப்புங்கள், ஆவி அடங்கியதும் ஃபிரிட்ஜில் வையுங்கள். எப்படியும் இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே போய்விட வேண்டும். வாணலியோடு மூடி வைப்பது சூட்டை உள்ளே பூட்டிவைப்பது. பிள்ளைகளுக்கு பென்தோ, அதாவது சாப்பாட்டு டப்பா, கட்டுகிறவர்களும் சூட்டோடு மூடியைப் போடாதீர்கள். காலையில் மூடிய டப்பா மத்தியானம் திறக்கும்வரை வெதுவெதுப்பாகவே இருக்கும்.

இனி அடுப்புக்கு முன்னால். இங்கே இறாலுக்கும் கணவாய்க்கும் உரிய பழியைக் கொடுத்துவிடலாம்.

ஒசாகாவில் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் விட முடியாது. 1950 அக்டோபரில் இந்த ஊரின் தென்பகுதியில் ஷிராசு என்னும் குட்டி மீன் கருவாட்டைச் சாப்பிட்ட 272 பேருக்கு வயிற்றுப்போக்கு, 20 பேர் இறந்தார்கள். ஒசாகா பல்கலைக்கழகத்தின் ஃபுஜினோ ட்சுனெசாபுரோ அதில் கண்டுபிடித்த கிருமிதான் இன்று உலகம் முழுக்கப் பேசப்படும் விப்ரியோ பாராஹீமோலிடிகஸ். கடல்நீரில் இருப்பது. உப்பு வேண்டும், வெதுவெதுப்பு வேண்டும். இரண்டும் கிடைத்தால் பத்து நிமிஷத்துக்குள் ஒன்று இரண்டாகும். 1998-இல் மட்டும் ஜப்பானில் இதனால் 800-க்கும் மேற்பட்ட உணவு நஞ்சு நிகழ்வுகள். 2001-இல் பச்சையாக உண்ணும் மீனைச் சுத்தமான நீரில்தான் கழுவ வேண்டும், 10 டிகிரிக்குக் கீழேதான் வைக்க வேண்டும் என்று விதி வந்தது. சமீப வருஷங்களில் எண்ணிக்கை ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிட்டது. புது மருந்து எதுவும் வரவில்லை. சுத்தமான தண்ணீரும் குளிர்ச்சியும்தான் செய்த வேலை.

தூத்துக்குடியில் அம்மா இதை வகுப்பு எதற்கும் போகாமலே தெரிந்துவைத்திருந்தாள். மீன் வாங்கினால் வழியில் யாரோடும் நின்று பேசக் கூடாது. நாங்கள் அதை அம்மாவின் சிடுசிடுப்பு என்று நினைத்திருந்தோம்.

இங்கே வீடுகளில் பெரும்பாலும் சீஃபுட் மிக்ஸ் என்று இறாலும் கணவாயும் மட்டியும் கலந்து உறைந்து வரும் பையைத்தான் வாங்குகிறார்கள். நல்ல பொருள்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் பையின் பின்பக்கத்தைப் படியுங்கள், ஜப்பானிய எழுத்து தெரியாவிட்டால் போன் கேமராவில் காட்டுங்கள். நாமாஷொகு-யோ என்றால் பச்சையாகச் சாப்பிடலாம், கானெத்சு-யோ என்றால் வேகவைத்தே ஆக வேண்டும். மிக்ஸ் பைகளில் பெரும்பாலும் இரண்டாவதுதான் இருக்கும். லேசாக அவித்து உறையவைத்த இறால் சிவப்பாக இருப்பதைப் பார்த்து, வெந்ததுதானே என்று கடைசியில் தூவி இறக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சிவப்பு நிறம் வேறு, உள்ளே சூடு ஏறுவது வேறு.

உறைந்ததை இளக்கும் இடத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரில் 30 கிராம் உப்பைக் கரைத்து அதில் போட்டு இளக்கினால் இறால் சாறு இழக்காமல் கொழுகொழுவென்று இருக்கும். ஜப்பானிய வீடுகளில் பழகிய முறை, நானும் செய்கிறேன். ஆனால் 3 சதவீத உப்பு என்பது ஏறக்குறைய கடல்நீர், விப்ரியோவின் சொந்த ஊர். அரை மணி நேரம், குளிர்ந்த தண்ணீர் என்றால் கவலையில்லை. காலையில் போட்டுவிட்டு ஆபீஸ் போய் வருவது, கிருமிக்கு நாமே குளம் வெட்டிக் கொடுப்பது. இளகியதும் குழாய்த் தண்ணீரில் நன்றாக அலசுங்கள், இந்தக் கிருமிக்கு நன்னீர் ஆகாது. நேரம் இருக்கிறவர்கள் முதல்நாள் ராத்திரியே பையை ஒரு கிண்ணத்தில் வைத்து ஃபிரிட்ஜில் விட்டுவிடலாம், அதைவிட நல்ல வழி இல்லை.

என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் கோடையில் கணவாய்ப் பெட்டியைத் தொட்டியில் வைத்துவிட்டு வேறு வேலையில் மறந்துவிட்டேன். மூன்று மணி நேரம் கழித்துத் தாய்ஷோ பார்த்தார். கடை முதலாளியை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். முகர்ந்துகூடப் பார்க்கவில்லை, மொத்தத்தையும் குப்பையில் கொட்டினார். நல்லாத்தானே இருக்கு என்றேன். "மூக்குக்குத் தெரிகிற நேரத்தில் எல்லாம் முடிந்திருக்கும்" என்றார். அன்றைக்கு அவர் திட்டவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

கணவாய் புதிதாக வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அனிசாகிஸ் என்ற வெள்ளைப் புழு கணவாயிலும் அயிலை இன மீன்களிலும் சுருண்டு கிடக்கும். மைனஸ் 20 டிகிரியில் 24 மணி நேரம், அல்லது 60 டிகிரியில் ஒரு நிமிஷம், செத்துவிடும். நன்றாக வதக்கினால் பயமில்லை. வினிகரும் வசாபியும் அதைக் கொல்லாது.

சரி, சமையல். இரண்டு பேருக்கு அவித்த சீன நூடுல்ஸ் 150 கிராம் பாக்கெட் இரண்டு. 1975-இலிருந்து விற்கும் மாருச்சான் மூன்று பேர் பாக்கெட் எந்தச் சூப்பர் மார்க்கெட்டிலும் கிடைக்கும். கடல் உணவு 200 கிராம், முட்டைக்கோஸ் இரண்டு கைப்பிடி, கேரட் கொஞ்சம், ஒரு வெங்காயம், பயறு முளை.

காய்களை முதலில் வெட்டுங்கள், இறால் கணவாயைக் கடைசியில். ஒரே பலகை வைத்திருக்கும் வீட்டில் இந்த வரிசை ஒன்றே பாதிக் காப்பு. இறாலின் முதுகைக் கீறிக் குடலை எடுத்து, ஒரு ஸ்பூன் கதகுரிகோ என்னும் உருளைக்கிழங்கு மாவும் சிட்டிகை உப்பும் போட்டுப் பிசைந்தால் அழுக்கு சாம்பல் நிறமாகக் கழன்று வரும். அலசி, கிச்சன் பேப்பரில் ஈரம் போக ஒற்றுங்கள். ஈரத்தோடு போட்டால் அது வதக்கல் இல்லை, அவியல்.

நூடுல்ஸ் பாக்கெட்டின் ஓரத்தைக் கிழித்து மைக்ரோவேவில் ஒரு நிமிஷம் வைத்தால் தானாகப் பிரியும். அடுப்பில் தண்ணீர் ஊற்றிப் பிரிக்கிறவர்களுக்குத்தான் கூழாகிறது. வாணலி புகையும் அளவுக்குக் காய்ந்ததும் எண்ணெய், கடல் உணவு. இறால் சுருண்டு, கண்ணாடித் தன்மை எங்கும் போய் வெள்ளையானதும் எடுத்துவிடுங்கள். கணவாய்க்கு இரண்டு நிமிஷம் போதும், தாண்டினால் ரப்பர். எடுத்து வைக்கும் தட்டு புதுத் தட்டாக இருக்கட்டும். பச்சையாக இருந்த அதே தட்டில், பச்சையைத் தொட்ட அதே குச்சியால் எடுத்து வைப்பதை வாரம் ஒரு தடவையாவது யாராவது அனுப்பும் வீடியோவில் பார்க்கிறேன்.

அதே வாணலியில் நூடுல்ஸைப் பரப்பி, ஒரு நிமிஷம் தொடாமல் விடுங்கள். அடி சிவந்து மொறுமொறுப்பு வரட்டும். கிண்டிக்கொண்டே இருந்தால்தான் சமையல் என்ற எண்ணம் நம்மிடம் அதிகம், கொத்து பரோட்டாச் சத்தத்தில் வளர்ந்தவர்கள் அல்லவா. பிறகு காய், மறுபடி கடல் உணவு, சாஸ், கடைசியில் அதிக தீயில் முப்பது விநாடி. நடுவில் 75 டிகிரி ஒரு நிமிஷம் என்பது இங்கே கடைகளுக்குச் சொல்லும் அளவு. சிப்பி போடுகிறவர்கள் மட்டும் இந்தக் கணக்கை நம்பாதீர்கள். நோரோவைரஸுக்கு 85 முதல் 90 டிகிரி, 90 விநாடி வேண்டும். தனியாகக் கொதிநீரில் வேகவைத்துவிட்டுச் சேருங்கள். ஐ.எச். என்னும் இண்டக்ஷன் அடுப்பில் நாலு பேர் அளவை ஒரே தடவையில் போடாதீர்கள், வாணலி குளிர்ந்து எல்லாம் தண்ணீர் விட்டுக்கொள்ளும்.

பாக்கெட்டோடு வரும் சாஸ் பொடி முழுவதையும் கொட்டினால் ஒரு தட்டில் உப்பு சுமார் 3 கிராம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கே 5 கிராமுக்குக் கீழே என்கிறது. ஜப்பான் தன் மக்களுக்கு வைத்திருக்கும் இலக்கு ஆண்களுக்கு 7.5, பெண்களுக்கு 6.5. நான் பொடியில் மூன்றில் இரண்டு பங்குதான் போடுகிறேன், பிறகு எலுமிச்சை பிழிகிறேன். பொடி இல்லாமல் நீங்களே கலக்கினால் வூஸ்டர் சாஸை முதலாக வையுங்கள். ஒரு மேசைக்கரண்டியில் உப்பு சுமார் 1.5 கிராம். சிப்பி சாஸில் 2, சோயா சாஸில் 2.6. வெளிர் நிறச் சோயா சாஸில் உப்பு குறைவு என்று நினைத்து வாங்காதீர்கள், அதில்தான் கூடுதல்.

பெயரைப் பற்றியும் கேட்கிறார்கள். யாகிசோபாவில் சோபா இல்லை. சோபா என்பது பக்வீட் என்னும் தானியம், அதன் ஒவ்வாமை ஜப்பானில் கடுமையாகவே வரும். யாகிசோபா நூடுல்ஸ் கோதுமை. பக்வீட் ஒவ்வாமைக்காரர் பெயரைப் பார்த்து ஒதுங்குகிறார், கோதுமை ஒவ்வாமைக்காரர் பெயரை நம்பிச் சாப்பிடுகிறார். இறால், நண்டு, கோதுமை, சோபா எல்லாம் பாக்கெட்டில் எழுதியே ஆக வேண்டிய பட்டியலில் உண்டு. இறால் ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு இறாலைப் பொறுக்கி எடுத்துவிட்டு மிச்சத்தைக் கொடுக்காதீர்கள். ஒவ்வாமை தரும் புரதம் சூட்டில் அழியாது, சாறாக எண்ணெயில் இறங்கியிருக்கும். தனி வாணலியில், முதலில் அந்தப் பிள்ளைக்குச் செய்யுங்கள். சைவக்காரர்களுக்கும் இதே எச்சரிக்கை: மேலே நெளியும் கட்சுவோபுஷிச் சீவல் காய்ந்த மீன்தான், சாஸ் பொடியில் பன்றி அல்லது கோழிச் சாறு இருக்க வாய்ப்பு அதிகம்.

பலகையையும் கத்தியையும் முதலில் சாதாரணத் தண்ணீரும் சோப்பும் போட்டுக் கழுவிவிட்டு, அதன் பிறகு கொதிநீர் ஊற்றுங்கள். முதலிலேயே கொதிநீர் ஊற்றினால் மீன் புரதம் வெந்து பலகையில் ஒட்டிக்கொள்ளும்.

வயிற்றைக் கலக்கிவிட்டால், தண்ணீர்கூட வயிற்றில் நிற்கவில்லை, காய்ச்சல், மலத்தில் ரத்தம், தலைசுற்றல் என்றால் காத்திருக்க வேண்டாம். வீட்டில் குழந்தையோ வயதானவரோ கர்ப்பிணியோ இருந்தால் இன்னும் சீக்கிரம். ஒசாகாவில் இருப்பவர்கள் ஆம்புலன்ஸ் கூப்பிடலாமா வேண்டாமா என்று தெரியாவிட்டால் போனில் ஹேஷ் அழுத்தி 7119 போடுங்கள். போக்கை நிறுத்தும் மாத்திரையை நீங்களாக விழுங்காதீர்கள். சீஃபுட் பையையும் நூடுல்ஸ் உறையையும் எறிந்துவிடாமல் எடுத்து வையுங்கள். எங்கே வாங்கினீர்கள், எத்தனை மணிக்குச் சமைத்தீர்கள், மிச்சம் எங்கே இருந்தது, டாக்டர் கேட்பார். அந்தத் தம்பியிடம் பை இல்லை, மறுநாள் குப்பை நாள் என்று ராத்திரியே வெளியில் வைத்துவிட்டார்.