கியர் பாக்ஸ் சத்தம்: இறக்குவதற்கு முன் கேட்டுப் பார்க்க வேண்டியவை

பழைய காரை ஓட்டி வந்து "கியர் பாக்ஸ் சத்தம் போடுகிறது" என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, அந்தச் சத்தம் எப்போது வருகிறது, எதைச் செய்தால் நிற்கிறது என்பதைத்தான். ஊளை, உறுமல், முனகல், கடகடப்பு என்று ஒரே சத்தத்துக்கு ஒவ்வொருவரும் ஒவ்வொரு பெயர் வைப்பார்கள். அந்தப் பெயரை மட்டும் நம்பி கியர் பாக்ஸை இறக்கினால், ஒரு நாள் உழைப்பும் உரிமையாளரின் பணமும் வீணாகும் வாய்ப்பு மிக அதிகம்.

வண்டியை நிறுத்திய இடத்திலேயே பாதி விடை கிடைத்துவிடும். கை பிரேக்கை இழுத்து, நியூட்ரலில் வைத்து, இன்ஜினை ஓடவிட்டு, கிளட்சிலிருந்து காலை எடுத்துவிட்டுக் கேளுங்கள். இந்த நிலையில் சக்கரங்களுக்குச் செல்லும் ஷாஃப்ட் அசையாமல் நின்றாலும், இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் இன்புட் ஷாஃப்டும், அதனோடு எப்போதும் பல் கோத்திருக்கும் கியர்களும், அவற்றைத் தாங்கும் பேரிங்குகளும் உள்ளே சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன. இப்போது கேட்கும் உறுமல், கிளட்சை முழுவதும் மிதித்த ஓரிரு நொடிகளில் தேய்ந்து மறைந்தால், இன்புட் பக்கத்து பேரிங்கைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அதற்கு நேர்மாறாக, கால் வைக்கும்வரை அமைதியாக இருந்து, மிதித்தவுடன் 'கீ'ரென்று கிளம்பும் சத்தம் பெரும்பாலும் கிளட்ச் ரிலீஸ் பேரிங்கினுடையது (பெடலை மிதிக்கும்போது கிளட்சைத் தள்ளிப் பிரிக்கும் பேரிங் அது). அது கியர் பாக்ஸின் உட்பகுதியைச் சேர்ந்த கோளாறே அல்ல. இன்னொரு நுட்பமும் உண்டு: கிளட்ச் பிரியும் அளவுக்கு மிதிக்காமல், பெடலின் மேல் பாதத்தை லேசாக வைத்த மாத்திரத்தில் சத்தம் அடங்கினால், ரிலீஸ் பேரிங்கோ அதைத் தள்ளும் ஃபோர்க்கோ தளர்ந்து ஆடுகிறது என்று பொருள். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் கியர் பாக்ஸ் முழுவதையும் பிரித்துப் போட்ட வண்டிகள் என்னிடம் பலமுறை வந்திருக்கின்றன, சத்தம் போகாமலேயே.

நின்றபோது எந்தச் சத்தமும் இல்லாமல், ஓடும்போது மட்டும் வந்தால், சாலையில்தான் சோதிக்க வேண்டும். அண்மையில், 1,40,000 கிலோமீட்டர் ஓடிய முன்சக்கர இயக்கக் கார் ஒன்றுக்கு, மணிக்கு 50 கிலோமீட்டரைத் தாண்டினால் ஒரு முனகல் எழுந்தது; கியர் பாக்ஸ் பேரிங் போய்விட்டது என்று வேறொருவர் ஏற்கெனவே தீர்ப்புச் சொல்லியிருந்தார். ஆள் நடமாட்டமில்லாத நேர்சாலையில் அதே வேகத்தில் நியூட்ரலுக்குத் தள்ளி, இன்ஜினை அணைக்காமல் உருளவிட்டேன். இன்ஜின் வேகம் இறங்கியும் முனகல் கொஞ்சமும் மாறவில்லை. ஆகவே அது சக்கரத்தின் வேகத்தோடு போகிறது. வலப்பக்கம் நீளமாக வளையும் இடத்தில் கூடியது, இடப்பக்கம் வளைகையில் குறைந்தது. வலப்பக்கம் திரும்பும்போது எடை இடப்பக்கத்துச் சக்கரத்தில் ஏறும் என்பதால், அந்தப் பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, ஒரு கையால் சக்கரத்தைச் சுழற்றியபடி மறுகை விரல்களைச் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கின் மேல் வைத்தேன். மணலை அரைப்பது போன்ற ஓர் அதிர்வு விரல் நுனியில் தெளிவாகத் தெரிந்தது. மாற்ற வேண்டியிருந்தது ஒரு வீல் பேரிங் மட்டும்தான்.

எல்லா கியரிலும் இன்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கும் சத்தம் இன்புட் பக்கத்தைக் காட்டும். ஒரே ஒரு கியரில் மட்டும் வந்தால் அந்த கியரின் பற்களையோ, அதன் அடியில் இருக்கும் ஊசி பேரிங்கையோ (ஊசி போல மெலிந்த உருளைகள் கொண்டது) பார்க்க வேண்டும். ரிவர்ஸில் வரும் ஊளைக்கு அஞ்ச வேண்டியதில்லை: பல கார்களில் அந்த கியரின் பற்கள் சாய்வாக இல்லாமல் நேராக வெட்டப்பட்டிருப்பதால் அது இயல்பான சத்தமே.

நான் அதிகம் நம்பும் சாட்சி கியர் ஆயில்தான். சமதளத்தில் வண்டியைச் சற்று நேரம் நிறுத்திவைத்து, பக்கவாட்டில் உள்ள ஃபில்லர் பிளக்கை, அதாவது ஆயில் ஊற்றும் துளையின் மூடியைத் திறந்தால், பெரும்பாலான வண்டிகளில் துளையின் கீழ் விளிம்புவரை ஆயில் நிற்க வேண்டும். ஆயிலை வடிக்கும் டிரெயின் பிளக்கைக் கழற்றுவதற்கு முன் ஃபில்லர் பிளக் திறக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். இருந்த ஆயிலையும் வடித்துவிட்டு, துருப்பிடித்த ஃபில்லர் பிளக்கோடு போராடும் நிலை யாருக்கும் வரக் கூடாது. வடித்த ஆயிலில் கொஞ்சத்தை வெள்ளைத் துணியில் ஊற்றி, வெயிலில் சாய்த்துப் பாருங்கள். டிரெயின் பிளக்கின் காந்தத்தில் மை போல ஒட்டியிருக்கும் சாம்பல் நிறக் குழம்பு வயதுக்கேற்ற தேய்மானம். துணியில் தங்கத் தூள் போல மின்னினால் பித்தளைச் சிங்க்ரோ வளையங்கள் (கியர் மாறும்போது உராய்ந்து வேகங்களைச் சமமாக்குபவை) கரைகின்றன. நகத்தால் எடுக்கக்கூடிய எஃகுச் செதில்கள் இருந்தால் பேரிங்கோ பல்லோ உதிர்கிறது. அந்த வண்டியை நான் திருப்பி ஓட்டிச் செல்ல விடுவதில்லை.

ஆயில் குறைந்திருந்தால், நிரப்புவதற்கு முன் எந்த சீல் வழியாகக் கசிந்தது என்று தேட வேண்டும். நிரப்பும் ஆயில், வண்டியின் கையேடு சொல்வதாகவே இருக்க வேண்டும். ஜிஎல்-4, ஜிஎல்-5 என்பவை கியர் ஆயிலின் தர வகைகள். ஜிஎல்-4 கேட்கும் கியர் பாக்ஸில், எண் பெரியது என்பதற்காக ஜிஎல்-5 ஊற்றுவது பரவலாக நடக்கும் தவறு: அதில் கூடுதலாக உள்ள கந்தக, பாஸ்பரஸ் சேர்க்கைகள் சிங்க்ரோ வளையத்துக்குத் தேவையான உராய்வைக் குறைப்பதோடு, சூட்டில் பித்தளையையும் அரிக்கக்கூடும். சத்தத்தை அடக்குவதற்காக மிகக் கெட்டியான ஆயிலை ஊற்றுவதை நான் கண்டிப்பாக எதிர்க்கிறேன். சில வாரங்களுக்குச் சத்தம் மறையும், வண்டி கைமாறும், வாங்கியவர் ஏமாறுவார். உள்ளே பேரிங் தேய்வது மட்டும் நிற்காது.

கியர் மாற்றும்போது மட்டும் 'கர்ர்' என்று அரைத்தால், முதலில் கிளட்ச் முழுமையாகப் பிரிகிறதா என்று பாருங்கள். வண்டி நிற்கும்போது, கிளட்சை மிதித்து ஐந்தாறு நொடி காத்திருந்து ரிவர்ஸ் போட்டும் அரைத்தால் குற்றம் கிளட்சில். ரிவர்ஸ் சத்தமின்றி விழுந்து, ஓட்டத்தில் ஒரு கியரில் மட்டும் அரைத்தால் அந்த கியரின் சிங்க்ரோவில்.

இன்புட் பேரிங்தான் என்று உறுதியான பிறகும் "இன்னும் சில மாதம் ஓட்டலாமா?" என்று கேட்கிறார்கள். ஓட்டக் கூடாது. உதிரும் எஃகுத் துகள்கள் ஆயிலோடு சுற்றி மற்ற பேரிங்குகளையும் கீறும். பேரிங் தளர்ந்து ஷாஃப்ட் விலகியதும் கியர்களின் பற்கள் ஓரத்தில் மட்டும் தொட்டு உடையத் தொடங்கும். பேரிங்குகளையும் சீல்களையும் மாற்றுவதோடு முடிய வேண்டிய வேலை, அதன் பிறகு கியர்களையும், சில சமயம் வெளிக்கூடான ஹவுசிங்கையும் சேர்த்துக் கேட்கும்.