உள்வாசலில் ஒரு கட்டைவிரல்

கொழிஞ்சாம்பாறையில் இருக்கும் என் சித்தி மகளுக்கு இது ஏழாவது மாதம். விரல் நுனியில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கருவியில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறாள். “குத்துவது வலிக்கவில்லை அக்கா. என்ன எண் வருமோ என்றுதான் வயிற்றைக் கலக்குகிறது” என்றாள். அவளுக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரை 120-க்குள் இருக்க வேண்டுமாம்.

இது அவள் தின்ற இனிப்பால் மட்டும் வந்ததல்ல. நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் தாயின் உடலில் இன்சுலினின் பேச்சு எடுபடாமல் செய்கின்றன. ரத்தத்தில் குளுக்கோஸ் மிஞ்சினால்தானே பிள்ளைக்குப் பங்கு போகும்! பெரும்பாலோருக்குக் கணையம் கூடுதலாக இன்சுலின் சுரந்து ஈடுகட்டிவிடுகிறது. முடியாதவர்களுக்குச் சர்க்கரை ஏறுகிறது. இதற்கிடையே பயம் வந்தால் அட்ரினலின், கார்டிசால் என்ற பதற்ற ஹார்மோன்கள் கல்லீரலில் இருக்கும் சர்க்கரைச் சேமிப்பைத் திறந்துவிடுகின்றன. கார்டிசால் கர்ப்பத்தில் ஏற்கெனவே கூடுதலாகத்தான் இருக்கும். அதற்காக, எண் ஏறிய நாளிலெல்லாம் “நீ கவலைப்பட்டதால்தான்” என்று அவள் தலையில் பழியைப் போடாதீர்கள்.

உடலின் குறிப்பிட்ட புள்ளிகளை விரலால் அழுத்தும் அக்குபிரஷர் கைவைப்பது இந்தப் பயத்தின் மேல். உள்ளங்கைக்குக் கீழே மணிக்கட்டு ரேகையிலிருந்து முழங்கைப் பக்கமாக மூன்று விரல் அகலம் தள்ளி, புடைத்துத் தெரியும் இரண்டு தசைநாண்களுக்கு நடுவே ஒரு புள்ளி. சீனப் பெயர் நெய்குவான். ‘உள்வாசல்’ என்று பொருள். மசக்கை வாந்திக்குக் கட்டும் குமிழ் வைத்த பட்டைகள் அழுத்துவதும் இதே இடத்தைத்தான். புருவ மத்தியில், நாம் பொட்டு வைக்கும் இடத்திலும் ஒரு புள்ளி உண்டு.

உள்வாசலுக்கு அடியில் ஓடுவது கையின் நடுநரம்பு. நிதானமாக அழுத்தும்போது தோலிலும் தசையிலும் உள்ள உணர்வேற்பிகள் தண்டுவடம் வழியே மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. அதனால் ‘ஓடு, தப்பி’ என்று முடுக்கும் நரம்பு மண்டலம் அடங்கி, இதயத் துடிப்பைத் தணிக்கும் வேகஸ் நரம்பின் கை ஓங்குகிறது என்பது பலர் சொல்லும் விளக்கம். கூடவே மூச்சை மெல்ல விட்டால் அந்த வேலை இன்னும் எளிது.

இதைச் சோதிப்பதுதான் பெரும்பாடு. பதற்றத்தை அளக்கத் தராசு கிடையாது, வினாத்தாள்தான். பரவலாகப் பயன்படும் ஒன்றில் 20 கேள்விகள், மதிப்பெண் 20 முதல் 80 வரை. ஒப்பிடுவதற்காகச் சிலருக்கு வேண்டுமென்றே தவறான இடத்தில் அழுத்துவார்கள். அந்தப் பொய்ப்புள்ளிக்காரர்களுக்கும் பல சமயம் பதற்றம் குறைந்துவிடுகிறது! ஆய்வுகளும் பெரும்பாலும் சிறியவை. ஆகவே புள்ளிக்கு எவ்வளவு பங்கு, பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்திருப்பவருக்கு எவ்வளவு பங்கு என்று பிரிப்பது கடினம். என் கணிப்பில் இரண்டாவதன் பங்கு சிறிதல்ல.

எப்படியானாலும், இது இன்சுலினுக்கோ உணவுக் கட்டுப்பாட்டுக்கோ மாற்றல்ல. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடைப்பட்ட சதை, உள்கணுக்காலுக்கு நான்கு விரல் மேலே உள்ள இடம் இரண்டையும் கர்ப்பிணிகளுக்கு அழுத்தக் கூடாது என்பது அக்குபிரஷர் மரபு. கருப்பையைத் தூண்டும் என்ற அச்சம். அதற்குச் சான்று வலுவில்லைதான். ஆனாலும் வேறு இடம் இருக்கும்போது அங்கே ஏன் போக வேண்டும்?

தங்கைக்கு இப்போது தினமும் அழுத்திவிடுவது அவள் மாமியார். போன வாரம் பார்த்தேன். புள்ளியிலிருந்து ஓர் அங்குலம் தள்ளிக் கட்டைவிரலை வைத்திருந்தார். சரியான இடத்தைக் காட்டினேன். “சரிம்மா” என்று நகர்த்தியவர், பேச்சுவாக்கில் பழைய இடத்துக்கே வந்துவிட்டார். தங்கை கண் செருகிக் கிடந்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.