டயாஃப்ரம் வால்: தமிழில் என்ன சொல்லலாம்?

சென்னை மெட்ரோவின் சுரங்க நிலையப் பணிகளில் 'டி-வால்' என்ற பேச்சு சாதாரணம். டயாஃப்ரம் வால் என்பதன் சுருக்கம் அது. ஆழமான அடித்தளத்துக்கு மண்ணை அள்ளும் முன்பே நிலத்துக்குள் அமைக்கப்படும் கான்கிரீட் சுவர்.

கிரேக்கத்தில் 'டயா' என்றால் ஊடே, 'ஃபிராக்மா' என்றால் வேலி. சேர்ந்தால் குறுக்குத் தடுப்பு. நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசைக்கும் இதே பெயர்தான். அதை நாம் உதரவிதானம் என்கிறோம். உதரம் வயிறு, விதானம் மேற்கட்டி. 'உதரவிதானச் சுவர்' என்று எழுதினால் சுவருக்கு வயிறு முளைத்துவிடும்!

'தாங்கு சுவர்' என்றால் மாடியைத் தாங்கும் சுவரோடு குழம்பும். 'மண்தாங்கு சுவர்' சரியான சொல்தான், ஆனால் அது ரீட்டெயினிங் வால் என்ற முழுக் குடும்பத்துக்கும் பொது. டி-வால் அதில் ஒரு வகை.

1950களில் இத்தாலியின் மிலான் நகரில் வளர்ந்த முறை இது. பெரும்பாலும் 600 முதல் 1200 மி.மீ. அகலத்தில் ஆழமான அகழி தோண்டுவார்கள். தோண்டத் தோண்ட பென்டோனைட் களிமண் குழம்பை நிரப்பி வருவதால் பக்கங்கள் சரியாது. பிறகு கம்பிக்கூட்டை இறக்கி, குழாய் வழியே அடியிலிருந்து கான்கிரீட் நிரப்புவார்கள். குழம்பு மேலே ஏறி வெளியேறும். கான்கிரீட் இறுகிய பிறகே உள்பக்கத்து மண்ணை எடுப்பது.

வடிவமைப்பில் வெளிப்பக்க மண்ணோடு நிலத்தடி நீரின் தள்ளலையும் கணக்கிட வேண்டும். 10 மீட்டர் நீர் நின்றால் அடியில் சதுர மீட்டருக்கு 10 டன் அழுத்தம். தோண்டிய மட்டத்துக்குக் கீழே புதைந்த பகுதி எதிர்த்து நிற்கும். அது போதாதபோது உள்ளே குறுக்குத் தாங்கிகளோ, சுவரை வெளிப்பக்க மண்ணிலோ பாறையிலோ இழுத்துக் கட்டும் நங்கூரங்களோ வேண்டும். நியூயார்க் உலக வர்த்தக மையத்தில் ஹட்சன் நதிப் பக்கத்து நீரைத் தடுத்ததும் இப்படிப்பட்ட சுவர்தான். கட்டும்போது நங்கூரங்கள் பிடித்தன. பின்னர் அடித்தளத் தளங்களே முட்டுக்கொடுத்தன. 2001இல் தளங்கள் நொறுங்கியதும் தெற்குச் சுவர் உள்நோக்கி நகர்ந்தது. புதிதாக நங்கூரம் அடித்துத்தான் நிறுத்தினார்கள்.

ஜெர்மானியர் இதைப் 'பிளவுச் சுவர்' என்கிறார்கள், பிரெஞ்சுக்காரர் 'வார்த்த சுவர்' என்கிறார்கள். இரண்டுமே செய்முறையைச் சொல்லும் பெயர்கள். அந்த வழியில் 'அகழிவார்ப்புச் சுவர்' என்பதே என் தேர்வு. 'அகழி' கோட்டையை நினைவூட்டுவதாகச் சிலர் தயங்கலாம். அகழ்வது எதுவும் அகழிதானே. பணியிடத்தில் டி-வாலே நிலைக்கும். பாடநூலுக்கு இது போதும்.