“ஃப்ரிட்ஜுலதானே மேடம் வச்சிருந்தேன்!”

ஆடி பிறந்துவிட்டால் எங்கள் விதைப் பரிசோதனை நிலையத்துக்கு இரண்டு வகை ஆட்கள் வருவார்கள். நெல்லோ உளுந்தோ மணிலாவோ ஒரு பையில் கட்டிக்கொண்டு, முளைப்புத்திறன் பார்த்துவிட்டு விதைக்கலாம் என்று வரும் விவசாயிகள் ஒரு வகை. இவர்களால் எனக்குத் தலைவலி இல்லை. இன்னொரு வகை, விதைத்துப் பார்த்து ஒன்றும் முளைக்காமல் கோபத்தோடு வரும் மாடித்தோட்டக்காரர்கள். இந்த ஆடியில் பத்து நாளுக்குள் ஐந்து பேர் வந்துவிட்டார்கள். ஐந்து பேர் வாயிலும் ஒரே வாக்கியம்: “ஃப்ரிட்ஜுலதானே மேடம் வச்சிருந்தேன்!”

ஐந்தாவதாக வந்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. மஞ்சப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து மேஜையில் வைத்தார். வீட்டு ஃப்ரிட்ஜிலிருந்து நேராகக் கொண்டுவந்தது. டப்பா முழுக்க வேர்த்து, என் பதிவேட்டின் மேல் தண்ணீர் சொட்டியது. உள்ளே 27 ஜிப்லாக் கவர். எல்லாமே நாட்டு விதைகளாம், விதைத் திருவிழாக்களில் தேடித்தேடி வாங்கியதும் சொந்தத் தோட்டத்தில் எடுத்ததும். 27 ரகத்தில் முளைத்தது மூன்று. “கொடுத்தவங்க பழைய விதையைத் தள்ளிவிட்டுட்டாங்க மேடம். நீங்க டெஸ்ட் பண்ணி எழுதிக் கொடுங்க, நான் அவங்ககிட்ட காட்டுறேன்.”

சரியாக ஈரப்பதம் பார்க்க எங்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே விதை வேண்டும். கத்தரியும் மிளகாயும் அவரிடம் சிட்டிகைதான் இருந்தது. வெண்டை மட்டும் ஒரு கைப்பிடி தேறியது, அவர் தோட்டத்திலேயே தையில் எடுத்தது. ஈரப்பதம் 15 சதவீதத்துக்கு மேல். விற்பனைக்கு வரும் வெண்டை விதையில் அதிகபட்சம் 10 இருக்கலாம். காற்றுப் புகாத உறையில் அடைத்தால் 8-ஐத் தாண்டக் கூடாது. முளைப்புப் பார்க்க ஐம்பது விதையை ஈரத் தாளில் சுருட்டி வைத்தேன். முளைத்தது ஆறு.

எங்கள் வேலையும் வைத்தியர் வேலை மாதிரிதான். மூன்று தடவை கேட்டால்தான் உண்மை வரும். மூன்றாவது தடவை கேட்டபோது சொன்னார்: “வைகாசியில பொண்ணு வீட்டுக்குப் போயிட்டேன், ஒரு மாசம். கரண்ட் பில்லு ஏறுமேன்னு ஃப்ரிட்ஜை அணைச்சுட்டுத்தான் போனேன்.”

நடந்தது இவ்வளவுதான். ஈரம் போகாத விதையை ஜிப்லாக்கில் அடைத்து, அந்த ஈரத்தை வெளியே போகவிடாமல் பூட்டி, கத்திரி வெயில் காலத்தில் மூடிய ஃப்ரிட்ஜுக்குள் ஒரு மாதம் வேகவைத்திருக்கிறார். கொடுத்தவர் பாவம், அவருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

இனி கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப்போகிறேன். இதைச் சுருக்கமாகச் சொல்லிச் சொல்லியே எனக்கு வாய் வலித்துவிட்டது.

ஃப்ரிட்ஜ் விதையைக் காப்பாற்றுவதில்லை, காய்ந்த விதையின் ஆயுளைக் கூட்டுகிறது. அவ்வளவுதான். ஈர விதையை அது காய வைக்காது. “ஃப்ரிட்ஜுல வச்சா எல்லாம் வறண்டுதானே போகுது, கேரட் சுருங்குதே” என்று சிலர் கேட்கிறார்கள். திறந்து வைத்த கேரட் சுருங்கும். மூடிய கவருக்குள் இருக்கும் விதை எங்கே போய்ச் சுருங்கும்? அதிலும் நம் ஆட்கள் விதையை வைக்கும் இடம் எது? கீழே இருக்கும் காய்கறி டிரே. கீரை வாடாமல் இருப்பதற்காகவே ஈரத்தைப் பிடித்து வைக்கும்படி செய்யப்பட்ட பெட்டி அது. காற்றின் ஈரப்பதம் அங்கே சுலபமாக 80 சதவீதத்தைத் தாண்டும். கீரைக்குச் சொர்க்கம், விதைக்கு அல்ல.

விதைத் துறையில் படித்தவர்கள் எல்லோருக்கும் ஹாரிங்டன் என்ற அமெரிக்க விதை அறிவியலாளரின் கணக்கு மனப்பாடம். விதையின் ஈரப்பதம் ஒரு சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் இரட்டிக்கும். வெப்பநிலை சுமார் 5 டிகிரி செல்சியஸ் குறைந்தாலும் இரட்டிக்கும். முதல் விதி ஏறத்தாழ 5-லிருந்து 14 சதவீத ஈரம் வரைதான் செல்லும். அதற்கு மேல் போனால் பூசணமும் சேர்ந்துகொள்ளும், கணக்குக்கே வேலை இல்லை. 14 சதவீதத்தில் இருக்கும் விதையை 8-க்குக் கொண்டுவந்தால் ஆறு முறை இரட்டிக்கிறது, அதாவது 64 மடங்கு. இதற்கு மின்சாரம் வேண்டாம். ஒரு முறமும் காற்றும் போதும்.

அவரே இன்னொரு சுருக்குவழியும் தந்திருக்கிறார். விதையைச் சுற்றியுள்ள காற்றின் ஈரப்பதச் சதவீதத்தையும், ஃபாரன்ஹீட்டில் வெப்பநிலையையும் கூட்டுங்கள். 100-க்குக் கீழே இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். ஈர விதை, ஓடும் ஃப்ரிட்ஜ்: வெப்பநிலை 40-ம் ஈரப்பதம் 80-ம் 120. நன்றாகக் காய்ந்த விதை, ஈர உறிஞ்சியோடு மூடிய கண்ணாடி பாட்டில், 30 டிகிரி செல்சியஸ் அறை: 86-ம் 25-ம் 111. ஆக, அலமாரியில் இருக்கும் காய்ந்த விதையே ஃப்ரிட்ஜில் இருக்கும் ஈர விதையைவிடத் தேவலை. அதே காய்ந்த பாட்டிலை ஃப்ரிட்ஜில் வைத்தால் 40-ம் 25-ம் 65. அதுதான் ராஜபோகம். ஆசிரியை ஃப்ரிட்ஜை அணைத்துவிட்டுப் போன மாதத்துக்கு நீங்களே போட்டுப் பாருங்கள்: 95-ம் 80-ம்!

குளிர்ச்சி என்பது மின்வாரியம் கொடுக்கும் கடன். காய்ச்சல், அதாவது விதை நன்றாகக் காய்ந்திருப்பது, உங்கள் கையில் இருப்பது. விவசாயிகள் பேச்சில் இன்றும் “விதை நல்ல காய்ச்சலா?” என்றுதான் கேட்பார்கள், “எங்கே வச்சிருந்தே?” என்பது அப்புறம்தான்.

“எங்க பாட்டி ஃப்ரிட்ஜா வச்சிருந்தாங்க?” என்று எதிர்ப்பக்கத்திலிருந்து வருபவர்களுக்கும் ஒரு வார்த்தை. பாட்டி செய்ததையும் முழுசாகச் செய்யுங்கள். பீர்க்கையும் சுரையையும் கொடியிலேயே நெற்றாக விட்டு, அடுப்புக்கு மேலே பரணில் கட்டினார்கள். தினமும் இரண்டு வேளை விறகுச் சூடும் புகையும் படும். பூசணி விதையைச் சாணத்தில் பதித்துச் சுவரில் எருவாட்டி தட்டினார்கள். துவரைக்குச் செம்மண் கட்டிக் காய வைத்தார்கள். எல்லாவற்றிலும் காய வைப்பது ஒரு பாதி, பூச்சி அண்டாமல் பார்ப்பது மறு பாதி. இன்றைக்கு கேஸ் அடுப்புக்கு மேலே, இட்லிப் பானை ஆவி அடிக்கும் அலமாரியில் துணியில் முடிந்து வைத்துவிட்டு “பாரம்பரிய முறை” என்றால் எப்படி? வீட்டிலேயே ஈரமான இடம் அதுதான்.

சரி, எப்படிக் காய வைப்பது? சமையல் மேடையில் டிஷ்யூ பேப்பரில் இரண்டு நாள் வைத்துவிட்டால் காய்ந்துவிடாது. தக்காளியைச் சாறோடு பிழிந்து ஒரு நாள் புளிக்க வைத்து, கொழகொழப்பு போகக் கழுவுங்கள். நம் ஊர் வெயிலுக்கு ஒரு நாளே போதும், மூன்று நாள் விட்டால் உள்ளேயே முளைவிடும். கத்தரி, செடியிலேயே மஞ்சளாகப் பழுத்த பிறகுதான் விதைக்கு. தாளில் பரப்பாதீர்கள், ஒட்டிக்கொள்ளும். சல்லடை, முறம், பழைய பருத்தித் துணி. கழுவிய விதைக்கு முதல் இரண்டு நாள் நிழல். பிறகு காலை இளவெயில், சாயங்கால வெயில். நடுப்பகல் 12 முதல் 3 வரை எடுத்துவிடுங்கள், சுடும் மொட்டைமாடித் தரையில் நேராகப் பரப்பவே பரப்பாதீர்கள். இருட்டுவதற்குள் உள்ளே எடுத்து மூடுங்கள். பகல் முழுக்கப் போன ஈரத்தை ஒரே ராத்திரிப் பனி திரும்பக் கொடுத்துவிடும்.

காய்ந்ததா என்று தெரிய ஆய்வகம் வேண்டாம். பூசணி, சுரை விதையை வளைத்தால் வளையக் கூடாது, படக்கென்று ஒடிய வேண்டும். பயறைக் கடித்தால் பல் பதியக் கூடாது. சந்தேகமாக இருந்தால், வறுத்து ஆறிய பொடி உப்பைக் கொஞ்சம் காய்ந்த பாட்டிலில் போட்டு, விதையையும் போட்டுக் குலுக்கிப் பத்து நிமிடம் வையுங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் 15-க்கு மேல், திரும்ப வெயிலுக்கு அனுப்புங்கள். ஒட்டவில்லை என்றால் பாஸ் ஆகிவிட்டது என்று அர்த்தமில்லை, ஃபெயில் ஆகவில்லை, அவ்வளவுதான். மீதி ஈரத்தை பாட்டிலுக்குள் போடும் ஈர உறிஞ்சி எடுக்கும். சிலிக்கா ஜெல் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால், அரிசியைச் சிவக்க வறுத்து, சூட்டோடு மூடி ஆறவைத்து, துணி முடிச்சாகப் போடுங்கள். சட்டியில் வறுக்காத அரிசியைப் போட்டு ஒரு பயனும் இல்லை, அதிலேயே 12, 13 சதவீதம் ஈரம் இருக்கிறது!

பாத்திரம்: ரப்பர் வளையம் உள்ள மூடியோடு கண்ணாடி பாட்டில். உள்ளே ரகம் ரகமாகக் காகித உறை. கல்யாண வீட்டுக்கு வாங்கி மிச்சமான மொய்க் கவர் இதற்கென்றே பிறந்தது. ஃப்ரிட்ஜில் வைப்பவர்கள் பாட்டிலை வெளியே எடுத்தால், அறைச் சூட்டுக்கு வரும்வரை, குறைந்தது அரை நாள், மூடியைத் திறக்கவே கூடாது. சில்லென்று இருக்கும் விதை மேல் வெளிக்காற்று பட்டவுடன் வேர்த்துவிடும். வருகிற விருந்தாளிக்கெல்லாம் எடுத்துக் காட்டி உள்ளே வைப்பது விதைக்குத் தினம் ஒரு குளியல். ஃப்ரீசர் இன்னும் மோசம். ஈர விதைக்குள் பனிக்கட்டி உருவாகிச் செல்லைக் கிழித்துவிடும். நார்வேயின் ஸ்வால்பார்டில் இருக்கும் உலக விதைப் பெட்டகத்தில் மைனஸ் 18 டிகிரியில் வைக்கிறார்களே என்று கேட்காதீர்கள். அங்கே போய்ச் சேர்வதற்கு முன்னாலேயே ஒவ்வொரு விதையையும் உலர்த்தி உறையில் அடைத்துத்தான் அனுப்புகிறார்கள்.

ஒரே ஒரு விஷயத்துக்கு ஃப்ரீசரைச் சிபாரிசு செய்வேன். தட்டைப்பயறு, அவரை, மொச்சை. பயறு வண்டு வீட்டுக்கு வந்து முட்டையிடுவதாக நினைக்கிறார்கள். செடியில் காய் இருக்கும்போதே வேலையை ஆரம்பித்துவிடும். ஒடியும் அளவுக்குக் காய்ந்த பயறை ஒரு வாரம் ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் உள்ளே இருப்பதெல்லாம் செத்துவிடும். அது பிடிக்காதவர்களுக்குச் சலித்த சாம்பல் இருக்கிறது.

இதையெல்லாம் தவறாமல் செய்துவிட்டு, கறிவேப்பிலை விதையையும் பலாக்கொட்டையையும் காய வைத்து பாட்டிலில் அடைத்து எடுத்து வருபவர்கள் உண்டு. மா, பலா, கறிவேப்பிலை விதைகள் காய்ந்தால் செத்துவிடும். இவற்றைச் சேமிக்கவே முடியாது, பழம் பழுத்ததும் மண்ணில் போட வேண்டியதுதான். வேப்பங்கொட்டையும் நாள் தாங்காது.

எத்தனை வருஷம் வரும் என்பது அடுத்த கேள்வி. வெங்காய விதை ஒரு வருஷத்தோடு சரி, எடுத்த அடுத்த பட்டத்திலேயே போட்டுவிடுங்கள். மிளகாயும் வெண்டையும் இரண்டு வருஷம். தக்காளி, கத்தரி, கொடிக்காய்கள் மூன்று நான்கு வருஷம் தாங்கும், காய்ச்சல் சரியாக இருந்தால். தேதி எழுதாமல் இதெல்லாம் தெரிந்து என்ன செய்ய? ரகம், விதை எடுத்த மாதம், வருஷம், யாரிடம் வாங்கியது. நான்கே விவரம். பென்சிலால் எழுதுங்கள், ஜெல் பேனா ஈரத்தில் கரையும். “எனக்கு ஞாபகம் இருக்கும்” என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். முள்ளங்கி விதையையும் முட்டைகோஸ் விதையையும் வைத்துக்கொண்டு முழித்தவர்கள் எத்தனையோ பேர்.

எழுதுவது ஞாபகத்துக்கு மட்டுமல்ல. கடைப் பாக்கெட்டில் சிவப்பு, நீலம், பச்சை என்று சாயம் ஏறிய விதை வந்தால் அது மருந்து நேர்த்தி செய்தது, அதாவது பூசண, பூச்சி மருந்து பூசியது. அதை ஹார்லிக்ஸ் பாட்டிலில் கொட்டி மசாலா டப்பா பக்கத்தில் வைக்காதீர்கள், மிஞ்சியதைக் கழுவிச் சமைக்காதீர்கள், கோழிக்கும் போடாதீர்கள். ஆமணக்கு, குன்றிமணி, ஊமத்தை சேகரிப்பவர்கள் அவற்றைக் குழந்தை கைக்கு எட்டாத இடத்தில் தனியாகப் பூட்டி வையுங்கள். ஊமத்தை விதையும் மிளகாய் விதையும் பார்க்கக் கிட்டத்தட்ட ஒன்று. இதில் கெஞ்சித்தான் கேட்கிறேன், விளையாட்டு வேண்டாம்.

விதைப்பதற்கு இரண்டு வாரம் முன்னால் 20 விதையை எண்ணி, பிழிந்த ஈரத்துணியில் சுருட்டி, துணி காயாமல் பாருங்கள். வெண்டை, பயறு நான்கைந்து நாளில் தெரியும். மிளகாய், கத்தரிக்கு இரண்டு வாரம் பொறுக்க வேண்டும். கடை விதைக்கே சட்டப்படி குறைந்தபட்ச முளைப்பு தக்காளி, கத்தரிக்கு 70 சதவீதம், வெண்டைக்கு 65, மிளகாய்க்கு 60. நூற்றுக்கு நூறு கேட்டுச் சண்டைக்கு வராதீர்கள். இருபதில் பத்துதான் முளைத்தால் அடர்த்தியாக விதையுங்கள். ஐந்துக்குக் கீழே என்றால் அதை விட்டுவிட்டு வேறு விதை தேடுங்கள். ஆடி முடிவதற்குள் தெரிந்துகொண்டால் தேடவும் நாள் இருக்கும். ஐப்பசி அடைமழை வருவதற்குள் மிச்ச விதைகளை ஒருமுறை வெயில் காட்டி அடைத்துவிடலாம்.

ஆசிரியையிடம் முளைத்த மூன்றில் இரண்டு கீரை. மூன்றாவது கவரின் மேல் எழுத்து கரைந்து ஒரு நீலக் கறைதான் இருக்கிறது. போன வாரம் போனில் கேட்டேன். கொடி ஓடுகிறதாம், நான்கு இலை விட்டிருக்கிறதாம். சுரையா பூசணியா என்று அவருக்கும் தெரியவில்லை. படம் அனுப்பியிருக்கிறார், எனக்கும் தெரியவில்லை. பூத்தால் தெரியும்.