பொது ஆவணம்: சொல்லின் வரலாறும் அலுவலகத்தில் அதன் பயனும்

மலாயில் 'ரெக்கோட் அவாம்' என்று வழங்கும் தொடருக்கு நேரான தமிழ் 'பொது ஆவணம்' என்பதாகும். பினாங்கிலும் கோலாலம்பூரிலும் நம்மவர் பேச்சில் இது 'ரெக்கார்டு' என்றோ 'கவர்மெண்டு பைல்' என்றோ வரும். எழுத்தில் வரும்போது தகவல், விவரம், பதிவு என்று ஆளுக்கொரு சொல்லைக் கையாள்கிறோம். இவற்றுள் 'தகவல்' என்பதே மிகுதியாகப் புழங்குகிறது. குடிமக்கள் அரசு அலுவலகத்தில் கேட்டுப் பெறக்கூடிய ஒன்றைக் குறிக்க அந்தச் சொல் மட்டும் போதாது என்பதும், அங்கே ஆவணம் என்ற சொல் கட்டாயம் வேண்டும் என்பதும் என் உறுதியான கருத்து.

முதலில் பொருளைப் பார்ப்போம். தகவல் என்பது ஒருவர் அறிந்திருப்பது. வாய்மொழியாகச் சொல்லலாம், கேட்ட பிறகு திரட்டியும் கொடுக்கலாம். ஆவணம் அப்படிப்பட்டதன்று. அது ஏற்கெனவே எழுதப்பட்டு, தேதியும் எண்ணும் கையொப்பமும் பெற்று, ஓர் அலுவலகத்தின் காவலில் இருப்பது. மலேசியாவின் 2003ஆம் ஆண்டுத் தேசிய ஆவணக் காப்பகச் சட்டம், அரசு அலுவலகம் ஒன்று தன் பணியை நடத்தும் பொருட்டு அதிகாரபூர்வமாகப் பெற்றவையும் உருவாக்கியவையும், அரசு ஊழியர் தம் கடமையின் போக்கில் பெற்றவையும் உருவாக்கியவையும் பொது ஆவணங்கள் என்று வரையறுக்கிறது. காப்பகத் தலைமை இயக்குநரின் அனுமதியின்றி அவற்றை அழிக்கக்கூடாது என்பதும் அதே சட்டத்தின் விதி. தகவலை மறந்துவிட்டதாக ஓர் அலுவலர் சொல்லலாம். ஆவணத்தைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. அது இருக்க வேண்டும், இல்லையென்றால் ஏன் இல்லை என்பதற்கு ஒருவர் பொறுப்பேற்க வேண்டும்.

மலாய் மொழி இவ்விரண்டையும் தனித்தனியே வைத்திருக்கிறது. 'ரெக்கோட்' ஆங்கிலத்தின் வழியே வந்தது. அதன் வேர் லத்தீனில் நெஞ்சைக் குறிக்கும் 'கோர்' என்னும் சொல்லாகும். மறந்ததை மீண்டும் நெஞ்சுக்குக் கொண்டுவருதல் என்பதே அதன் முதற்பொருள். 'மக்லுமாட்' அரபியிலிருந்து வந்தது. அறியப்பட்டவை என்று பொருள்படும். 'அவாம்' என்பதும் அரபிதான், பொதுமக்களைக் குறிக்கும். மக்லுமாட்டுக்குத் தகவல், ரெக்கோட்டுக்கு ஆவணம் என்று நாமும் பிரித்து எழுதினால் குழப்பம் பாதி தீரும்.

ஆவணம் என்ற சொல் தமிழில் மிகப் பழையது. பழைய இலக்கியங்களில் அதற்கு இரண்டு பொருள்கள் உண்டு. ஒன்று கடைவீதி, இது வடமொழி 'ஆபண'த்தோடு தொடர்புடையது என்று அகராதிகள் காட்டும். மற்றொன்று எழுத்து வடிவில் இருக்கும் உரிமைச் சான்று. அகநானூற்றின் 77ஆம் பாட்டில் மருதன் இளநாகனார் 'ஆவண மாக்கள்' என்போரைக் குறிப்பிடுகிறார். கயிற்றால் பிணித்த குடத்திலிருந்து ஓலைகளை எடுப்பதற்காக, மேலே இட்டிருக்கும் பொறியை, அதாவது முத்திரையை, பார்த்து அதை நீக்குபவர்கள் அவர்கள். பாட்டில் இது பாலைநிலக் காட்சி ஒன்றுக்கு உவமையாகத்தான் வருகிறது. குடவோலை முறையைப் பேசுவோர் இதை விடாமல் எடுத்துக்காட்டுவர். நான் கவனிப்பது வேறொன்று. எழுதிய ஓலை, அதைக் காக்கும் பொறி, பொறியைச் சரிபார்த்துத் திறக்கும் உரிமையுள்ள ஆள் ஆகிய மூன்றும் அந்த இரண்டு அடிகளுக்குள் இருக்கின்றன. இன்றைய ஆவணக் காப்பு முறையின் உறுப்புகளும் இவையே.

சோழர் காலக் கல்வெட்டுகளில் 'ஆவணக்களரி' என்ற சொல் உண்டு. நில விற்பனை முதலியவற்றைப் பதிவு செய்யும் இடத்துக்கு அது பெயர். வரிக் கணக்கைப் பேணிய அலுவலர் 'வரிப்பொத்தகம்' எனப்பட்டார்.

ஆனால் இச்சொல்லின் முழுப் பொருளையும் ஒரே நிகழ்ச்சியில் காட்டுவது 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய பெரியபுராணம்தான். அதன் தடுத்தாட்கொண்ட புராணத்தில் நம்பி ஆரூரரின் (சுந்தரமூர்த்தி நாயனாரின்) திருமணப் பந்தலுக்கு வந்த முதிய அந்தணர், ஆரூரர் தமக்கு வழிவழி அடிமை என்று ஓலை காட்டுகிறார். ஆரூரர் அந்த ஆவணத்தைப் பறிக்கச் செல்கிறார், அந்தணர் ஓடுகிறார், துரத்திப் பிடித்து ஆரூரர் ஓலையைக் கிழித்துவிடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போகிறது. அங்கே அந்தணர், கிழிபட்டது படியோலை, மூலவோலை தம்மிடம் இருக்கிறது என்கிறார். அவையோர் ஏவக் கரணத்தான் (அவையின் எழுத்தர்) அந்த ஆவணத்தைத் தொழுது வாங்கி, மடியை நீக்கி விரித்து, அதன் தொன்மையை நோக்கி, அவை முழுதும் கேட்கும்படி வாசிக்கிறான். அத்துடன் அவர்கள் நின்றுவிடவில்லை. ஆரூரரின் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையை 'அரண்தரு காப்பி'லிருந்து வரவழைத்து, இரண்டு கையெழுத்தையும் ஒப்பு நோக்கிய பிறகே தீர்ப்புச் சொல்கிறார்கள்.

பக்தர்களுக்கு இது, முதிய அந்தணராக வந்த இறைவன் அடியவரை ஆட்கொண்ட கதை. ஆவணச் சொற்களைத் தேடுகிறவருக்கு இது ஒரு சொற்களஞ்சியம். மூலம், படி, காப்பு, ஒப்பு நோக்குதல், கரணத்தான் என்று நமக்கு வேண்டிய சொற்கள் எல்லாம் அங்கே இருக்கின்றன. 'ஒரிஜினல்' என்பதற்கு மூலம், 'காப்பி' என்பதற்குப் படி என்று எழுதினால் செயற்கையாக இருக்குமே என்று தயங்குவோருக்கு, அச்சொற்கள் எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழில் இருப்பவை என்பதே விடை.

இடைக்காலத்தில் ஆவணம் வழக்கில் பின்தங்கி, பாரசீக வழிவந்த 'தஸ்தாவேஜு' அலுவலகத் தமிழை ஆண்டது. தமிழ்நாட்டில் தமிழ் ஆட்சிமொழியான பின்னர் ஆவணம் மீண்டு வந்தது. சென்னை எழும்பூரில் இருக்கும் பழைய மெட்ராஸ் ரெக்கார்டு ஆபீஸ், 1973இல் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் ஆயிற்று. பத்திரம், சாசனம், கோப்பு ஆகியவை இதற்கு நெருங்கிய சொற்களே ஆயினும் ஒன்றல்ல. கோப்பு என்பது பல தாள்களைக் கோத்து வைத்தது. ஒரு கோப்பில் பல ஆவணங்கள் இருக்கும். பதிவேடு என்பது வரிசையாகப் பதிந்து வரும் ஏடு.

அடுத்தது 'பொது' என்னும் அடை. அரசு ஆவணம் என்று சொல்லிவிட்டால் அது அரசுக்கு உரியது என்றாகிவிடும். பொது ஆவணம் என்னும்போது, அலுவலகம் காவல்காரர்தான், பொருள் ஊருக்கு உரியது என்ற கருத்து நிற்கிறது. சட்டமும் இதற்கு இடம் தருகிறது. 1950ஆம் ஆண்டின் மலேசியச் சாட்சியச் சட்டம், 74ஆம் பிரிவில் பொது ஆவணங்கள் எவை என்று கூறுகிறது. அரசு அமைப்புகளின் செயற்பதிவுகளோடு, தனியார் ஆவணங்களைப் பற்றி அரசு வைத்திருக்கும் பொதுப் பதிவுகளும் அதில் அடங்கும். பார்வையிட உரிமையுள்ள பொது ஆவணத்தின் படியை ஒருவர் கேட்டால், கட்டணம் பெற்றுக்கொண்டு, இது உண்மையான படி என்று சான்றெழுதிக் கையொப்பமிட்டுக் கொடுக்க வேண்டும் என்று 76ஆம் பிரிவு காவலிலுள்ள அலுவலரைப் பணிக்கிறது. 'சர்ட்டிபைட் காப்பி' என்று கேட்கப்படும் அதனைச் 'சான்றிட்ட படி' என்று எழுதலாம். கடைத்தெருவில் எடுத்த போட்டோஸ்டேட்டில் யாரோ ஒருவர் சாப்பு (முத்திரை) குத்தியது சான்றிட்ட படி ஆகாது. மூலத்தைக் காவலில் வைத்திருப்பவரே சான்றளிக்க வேண்டும்.

பினாங்கைப் பொறுத்தவரை, 2010ஆம் ஆண்டின் தகவல் சுதந்திரச் சட்டம் என்ற பெயரில் மாநிலச் சட்டமொன்று உண்டு. பெயரில் 2010 இருந்தாலும், சட்டமன்றத்தில் 2011இல் நிறைவேறி, 2015 தொடக்கத்தில்தான் நடைமுறைக்கு வந்தது. சிலாங்கூர் சட்டமும் 2011ஆம் ஆண்டினது. இச்சட்டங்களின்படி துறைதோறும் ஒரு தகவல் அதிகாரி இருப்பார்; விண்ணப்பம் எழுத்தில் வேண்டும்; கட்டணம் உண்டு; எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் காட்ட வேண்டும்; சொன்ன நோக்கத்துக்கு மாறாகப் பயன்படுத்தினால் அது குற்றம்; மறுத்தால் மேல்முறையீட்டுக்கு வழி உண்டு. காரணம் கேட்கும் விதி எனக்கு உடன்பாடானதன்று. 2005ஆம் ஆண்டின் இந்தியத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பதாரர் காரணம் சொல்லத் தேவையில்லை. தமக்கு உரியதைப் பார்க்க விரும்புகிறவர் ஏன் பார்க்க வேண்டும் என்று விளக்க வேண்டியதில்லை என்ற நிலையே 'பொது' என்ற அடைக்குப் பொருந்துகிறது.

இந்த மாநிலச் சட்டங்கள் கூட்டரசுத் துறைகளைக் கட்டுப்படுத்தா. தேசியப் பதிவு இலாகா, குடிநுழைவு இலாகா, போலீஸ், கல்வி அமைச்சு ஆகியவற்றின் ஆவணங்களுக்கு அவை எட்டமாட்டா. கோலாலம்பூரும் 1974 முதல் கூட்டரசுப் பிரதேசமாக இருப்பதால், சிலாங்கூரின் சட்டம் தலைநகருக்குச் செல்லாது.

சொல்லைத் துல்லியமாகப் பயன்படுத்துவதால் என்ன விளைகிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. செபராங் பிறையில் ஓர் ஆலய நிர்வாகம் தன் நிலத்தைப் பற்றி விண்ணப்பிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 'எங்கள் கோயில் நிலத்துக்கு இதுவரை ஏன் கிராண்ட் (நில உரிமைப் பத்திரம்) கொடுக்கப்படவில்லை என்ற தகவல் வேண்டும்' என்று எழுதினால், அது ஒரு விளக்கத்தைக் கேட்பதாகிறது. கவுண்டரில் இருப்பவர் அந்த விளக்கத்தைத் தாமாக எழுதும் அதிகாரம் பெற்றவர் அல்லர். கடிதம் மேசை மேசையாகப் போகும். அதையே, 'இன்ன முக்கிமில் (வட்டாரத்தில்) இன்ன எண்ணுள்ள லோட் (மனை) தொடர்பாக, இன்ன தேதியில் நாங்கள் கொடுத்த விண்ணப்பத்தின் மீது எழுதப்பட்ட முடிவுக் கடிதத்தின் படியும், அந்நிலம் பற்றிய பதிவேட்டுப் பக்கத்தின் சான்றிட்ட படியும் வேண்டும்' என்று எழுதினால், கேட்கப்படுவது ஒரு பொருள். அது இருக்கிறதா இல்லையா என்று பார்த்துச் சொல்வது எழுத்தர் ஒருவரால் முடியும். பதிவேட்டுப் பகுதிக்குத் தகவல் சுதந்திரச் சட்டமே தேவையில்லை. 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டத் தொகுப்பு 384ஆம், 385ஆம் பிரிவுகளில் தேடலுக்கு வழி வைத்திருக்கிறது. கட்டணம் செலுத்தினால் நில உரிமைப் பதிவை யாரும் தேடிப் பார்க்கலாம். 'சாரியான்' என்று நில அலுவலகத்தில் சொல்லப்படுவது இதுவே. தமிழில் 'பதிவுத் தேடல்' எனலாம். விண்ணப்பம் மலாயில்தான் எழுதப்படும் என்பது உண்மை. ஆனால் என்ன கேட்பது என்ற முடிவு ஆலயக் கூட்டத்தில், தமிழில்தான் எடுக்கப்படுகிறது. அங்கே மங்கலாகப் பேசினால் மலாய் விண்ணப்பமும் மங்கலாகவே வரும்.

மூலம், படி என்ற வேறுபாடு குடும்பங்களுக்கும் பயன்படும். நம் பெரியவர்கள் 'சூராட் பெரானாக்' என்று சொல்லும் பிறப்புச் சான்றிதழ் தொலைந்தவுடன், பிறந்ததற்கான ஆதாரமே போய்விட்டது என்று கலங்குவோர் உண்டு. பிறப்பு பதிவாகியிருந்தால் மூலம் பதிவேட்டில் இருக்கிறது. கையிலிருந்தது அதிலிருந்து எழுந்த தாள். கேட்க வேண்டியது பதிவேட்டுக் குறிப்பின் எடுப்பு, அதாவது அதிலிருந்து எடுத்துத் தரும் படி. பிறப்பே பதிவாகாத பிள்ளையின் நிலை முற்றிலும் வேறு. அங்கே ஆவணத்தை முதன்முதலாக உருவாக்க வேண்டியிருக்கிறது. இரண்டையும் 'சூராட் இல்லை' என்ற ஒரே சொல்லால் குறிப்பதால், உதவ வருவோரும் தவறான கவுண்டருக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

பொது ஆவணத்தின் எதிர்ச்சொல்லையும் சொல்லியாக வேண்டும். மலாயில் 'ரஹ்சியா' என்பது வடமொழி 'ரகஸ்ய'. நம் இரகசியமும் அதுவே. 1972ஆம் ஆண்டின் அதிகாரத்துவ இரகசியச் சட்டத்தின் கீழ், ஆவணங்கள் 'ரஹ்சியா பெசார்', 'ரஹ்சியா', 'சூலிட்', 'தெர்ஹாட்' என நான்கு நிலைகளில் முத்திரை பெறும். தமிழில் இவற்றைப் பெருமறை, மறை, அந்தரங்கம், வரையறுக்கப்பட்டது என்று எழுத முன்மொழிகிறேன். நான்கையும் 'ரகசியம்' என்று ஒரே சொல்லால் எழுதுவது படிப்பவரைத் தவறான வழியில் நடத்தும். அமைச்சரோ, மந்திரி பெசாரோ, முதலமைச்சரோ நியமித்த அலுவலர் இவ்வாறு வகைப்படுத்தலாம். அது இரகசியமே என்று சான்றளிக்கப்பட்டுவிட்டால், 16அ பிரிவின்படி எந்த நீதிமன்றத்திலும் அதைக் கேள்வி கேட்க முடியாது. வெளியிடுவோருக்குக் குறைந்தது ஓராண்டுச் சிறை என்பது 1986ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு வந்தது. கூட்டரசுச் சட்டத்தோடு மாநிலச் சட்டம் முரண்பட்டால் கூட்டரசுச் சட்டமே நிற்கும் என்பது அரசியலமைப்பின் 75ஆம் விதியாதலால், பினாங்குச் சட்டம் இந்த முத்திரையை மீற முடியாது.

அந்த முத்திரையை நீக்கவும் அதே சட்டத்தின் 2இ பிரிவில் இடமுண்டு. நீக்கப்பட்ட பிறகு அது இரகசியம் அல்ல. இதற்கு 'மறைநீக்கம்' என்ற சொல் பொருந்தும். மறுப்புக் கடிதம் கையில் கிடைத்தவர்கள் அடுத்து எழுதும் கடிதத்தில், எந்த ஆவணம், எந்த நிலையில் முத்திரையிடப்பட்டது, எந்தத் தேதியில் என்று கேட்டு, மறைநீக்கத்துக்கும் விண்ணப்பிக்கலாம்.