காற்றின் தாகமும் காட்டுத் தீயும்

மலேசியாவின் பந்திங் வட்டாரச் செம்பனைத் தோட்டங்களில் 18 ஆண்டுகளாகப் பாதுகாப்பு அதிகாரியாக வேலை பார்க்கிறேன். மெல்பர்னில் பேத்தியைப் படிக்க வைத்திருக்கும் லயத்துப் பாட்டி ஒருவர், அங்கே காடு எரியும் செய்தி வரும்போதெல்லாம் என்னை நிறுத்திக் கேட்பார்: “நமக்கும்தான் வருஷம் பூரா வெயில், தம்பி. இங்க மட்டும் ஏன் காடு அப்படி எரியறதில்ல?”

நல்ல கேள்விதான். வெயில் தானாகக் காட்டைக் கொளுத்துவதில்லை. காற்றுக்குத் தாகத்தை உண்டாக்கி, அந்தத் தாகத்தால் புல்லையும் சருகையும் உலர்த்திவைக்கிறது. வெப்பம் 1 பாகை கூடினால் காற்று தாங்கக்கூடிய நீராவியின் அளவு ஏறக்குறைய 7 விழுக்காடு கூடும். விடியற்காலையில் 24 பாகையில் 95 விழுக்காடு ஈரப்பதத்துடன் இருக்கும் நம் ஊர்க் காற்று, புதிதாக நீராவி சேராமல் 34 பாகைக்குச் சூடேறினால், ஈரப்பதம் 53 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். லயத்துக்குப் பின்னால் பட்டுக்கிடக்கும் லாலான் புல்லைக் காலை 7 மணிக்கு மடக்கினால் துணிபோல் வளையும். பிற்பகல் 3 மணிக்கு மடக்கினால் சடக்கென்று ஒடியும்.

தென்கிழக்கு ஆஸ்திரேலியாவிலும் கலிபோர்னியாவிலும் குளிர்கால மழையில் தழைத்த புல், கோடையில் வாரக்கணக்கில் காய்ந்து விறகாகிவிடுகிறது. 2009 பிப்ரவரி 7 அன்று மெல்பர்னில் வெப்பம் 46.4 பாகையைத் தொட்டது; ஈரப்பதம் 10 விழுக்காட்டுக்கும் கீழே போனது. உள்நாட்டு வறண்ட நிலத்திலிருந்து வீசிய வடக்குக் காற்று தீயை நீண்ட நாக்காக இழுத்துச் செல்ல, மாலையில் காற்று தென்மேற்கிலிருந்து வீசும் குளிர்காற்றாகத் திரும்பியதும் அந்த நாக்கின் பக்கவாட்டு முழுவதுமே தீயின் முகப்பாகிவிட்டது. அன்றைய தீயில் 173 பேர் மாண்டனர். குளிர்காற்று வந்ததும் ஆபத்து விலகியது என்று நினைப்பது எவ்வளவு பெரிய தவறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. கனடாவின் லிட்டன் என்ற சிற்றூர், 2021 ஜூன் 29 அன்று 49.6 பாகை வெப்பத்தைப் பதிவு செய்து, மறுநாளே தீக்கு இரையானது.

நமக்குக் கோடை என்று தனிப் பருவம் இல்லாவிட்டாலும், ஆண்டுத் தொடக்கத்திலும் ஜூன் முதல் ஆகஸ்டு வரையிலும் மழை விட்டுப்போகும் வாரங்கள் உண்டு. பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ ஆண்டுகளில் அவை நீளும். அதோடு, எங்கள் வட்டாரத்தில் மலாயில் ‘தானா கம்புட்’ எனப்படும் சதுப்புக் கரிமண் இருக்கிறது; அரைகுறையாக மட்கிய செடிகொடிகளால் ஆனது, காய்ந்தால் மண்ணே எரியும். ஒரு தோட்டத்தில் வறட்சியின்போதும் வாய்க்கால் மடையை மூடாமல் விட்டுவிட்டார்கள். நீர்மட்டம் இறங்கியது, யாரோ கொளுத்திய குப்பையின் நெருப்பு மண்ணுக்குள் புகுந்தது. நான் போனபோது சுடர் எதுவும் தெரியவில்லை. மரத்தடியில் மெல்லிய புகை, காலணி அடியில் சூடு. மண்வெட்டியால் முழங்கை ஆழம் தோண்டியதும் உள்ளே செக்கச்செவேலென்று கனன்றது. வேர் கருகிய ஒரு செம்பனை, எங்கள் கண்முன்னே சத்தமில்லாமல் சாய்ந்தது. அதை அணைக்க மூன்று நாள் தண்ணீர் இறைத்தோம். திறந்தவெளியில் எரிப்பது 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி குற்றம் என்பதை அதன்பிறகு யாருக்கும் நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை.

மலேசிய வானிலை ஆய்வுத் துறை அன்றாடம் வெளியிடும் தீ அபாய வரைபடம், கனடாவின் முறையைத் தழுவியது. நண்பகல் வெப்பம், ஈரப்பதம், காற்றின் வேகம், 24 மணி நேர மழை ஆகிய நான்கும் அதற்குப் போதும். அந்தக் கணக்கில், ஆழ்மண் வறட்சிக்கான குறியீடு ஒரு நாளில் 2.8 மில்லிமீட்டருக்குக் குறைவாகப் பெய்யும் மழையைப் பொருட்படுத்துவதே இல்லை. அந்தித் தூறலில் நனைந்த லாலானும் மறுநாள் நண்பகலுக்குள் மறுபடி உலர்ந்துவிடும். ஆகவே மழை தூறிவிட்டது, ரோந்தை நிறுத்தலாமா என்று கங்காணி கேட்டால், முதலில் மழைமானியையும் வாய்க்கால் நீர்மட்டத்தையும் பார்த்து வரச் சொல்கிறேன்.